அன்று ஏது செல்போன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் 'செல்போன் தரும் ஆட்டிசம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டிருந்தீர்கள். வீட்டில் பேப்பரை முதலில் பிரிப்பது நான்தான். அந்தத் தாளை மட்டும் உருவி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மருமகள் கண்ணில் பட வேண்டாம் என்றுதான். என் பேரனுக்கு ஆறு வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை. மற்றவர்களோடு பேசிப் பழகுவதைச் சிரமமாக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு அது.

இந்தப் பழியை வீட்டில் முதலில் போட்டவனே நான். இரண்டு வயது தாண்டியும் பையன் பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஏதாவது வேண்டுமென்றால் விரலை நீட்டிக் காட்டாமல், நம் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தப் பொருளின் மேல் வைப்பான். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைக் கண்டால் குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அதே லாரி ஏர்ஹாரன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருளுவான். சோறு ஊட்டப் போனில் பாட்டுப் போட்டுக் கொடுக்கிறாயே, அதனால்தான் என்று மருமகளைத் திட்டினேன். எங்கள் பெரியப்பாகூட நாலு வயதில்தான் வாய் திறந்தார் என்று வேறு சொல்லிவைத்தேன். வசம்பு உரைத்து நாக்கில் தடவினோம். வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கொண்டோம். வேண்டுதலை நான் குறை சொல்லவில்லை, மருத்துவரிடம் போகாமல் ஒன்றரை வருஷம் ஓட்டியதுதான் தப்பு. நீயாவது கூட்டிப்போயிருக்கலாமே என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "அங்கயும் போன் குடுத்தியான்னுதானே கேப்பாங்க மாமா" என்றாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை அடையாளம் காட்டியது 1943-இல். அன்று ஏது செல்போன்? ஆனால் பழி போட அப்போதும் ஆள் தேவைப்பட்டது. பாசம் காட்டாத தாயால் வருவது என்றார்கள். 'ஃப்ரிட்ஜ் அம்மா' என்று பட்டப்பெயரே உண்டு. 1998-இல் பழி தடுப்பூசி மேல் திரும்பியது. 12 குழந்தைகளை வைத்து அப்படி எழுதப்பட்ட கட்டுரையை, வெளியிட்ட லான்செட் என்ற மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு மருத்துவம் பார்க்கும் உரிமையை இழந்தார். இப்போது செல்போனின் முறை.

ஒரே கருவிலிருந்து பிரிந்த, ஒரே மரபணுக்கள் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு, தனித்தனிக் கருவிலிருந்து வந்த இரட்டையரைவிட மிக அதிகம். 1977-இலிருந்தே ஆய்வுகள் இதைக் காட்டிவருகின்றன. பெரும்பங்கு மரபணுக்களுக்குத்தான், அதுவும் ஒன்றல்ல, பல சேர்ந்து. போன் நல்லது என்று நான் வாதாடவில்லை. அளவு மீறினால் பேச்சு தாமதமாகலாம், தூக்கம் கெடும். எங்கள் வீட்டிலும் குறைத்துவிட்டோம். ஆனால் பேச்சுத் தாமதம் வேறு, ஆட்டிசம் வேறு. அதோடு, மனித முகங்களைப் பார்த்து மிரளும் பிள்ளை, ஒரே பாட்டு ஒரே மாதிரி வரும் திரையைத் தானே தேடிப் போகும். எது முந்தி, எது பிந்தி என்று உங்கள் கட்டுரை யோசிக்கவே இல்லை.

சொல்ல வேண்டியதையும் அது சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரிவதல்ல இது. பிள்ளையைக் கவனித்து, பெற்றோரிடம் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். 16 மாதமாகியும் ஒரு சொல் வரவில்லை, விரல் காட்டவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசமும் உண்டு, அடையாள அட்டை வாங்கலாம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமே இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் சரியாகிவிடுகிறது என்பது தனிக் கதை. அப்படி அலைந்துதான் மருமகள் வேலையை விட்டாள்.

திருத்தம் போடுவதானால் உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம். அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவுத் தலைப்பில் போடுங்கள். அன்றைக்குத் தாளை உருவாமல் மருமகளிடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி,
தண்டையார்பேட்டை