ஒரு முழம் குழாய்க்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். நேற்று எங்கள் படகின் எஞ்சின் மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடியது. அதுவும் டேங்கில் கால்வாசி டீசல்கூட இல்லாதபோது. இதைப் படித்ததும் உங்களில் பலர் பெருமூச்சு விட்டிருப்பீர்கள், ஏனென்றால் இந்த மூன்று வாரமும் எங்களோடு சேர்ந்து நீங்களும் தூக்கம் கெட்டவர்கள்தான். கடலில் எஞ்சின் நின்றுபோன அந்த இரவில் பாறைகளுக்குப் பக்கத்தில் என்ன ஆனது என்று நான் மறுபடி எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். எனக்கு இன்னும் அதை வரிசையாகச் சொல்ல வரவில்லை.

முதலில், எல்லோருக்கும் சேர்த்து ஒரு நன்றி. ஆபத்தில் உதவி கேட்கும் ரேடியோ அலைவரிசையான பதினாறாம் சேனலில் எங்கள் குரலைக் கேட்டதும் வலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கயிறு கட்டி இழுத்துவந்த மீன்பிடிப் படகுக்காரர்களுக்கு. விடிகிற நேரத்தில் துறையில் காத்திருந்து கயிறு வாங்கிக் கட்டியவர்களுக்கு. பேட்டரி தந்தவருக்கு, சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனவர்களுக்கு, கடைசியில் புதுக் குழாயை ஒரே நாளில் பற்றவைத்துக் கொடுத்த பட்டறைத் தம்பிக்கு. அப்புறம் அந்த இரவில் ரேடியோவில் வந்த ஒரு குரலுக்கு. யார் என்று இன்றுவரை தெரியவில்லை. "ஸ்டார்ட் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் கடல்தண்ணீர் வால்வை மூடிவிடுங்கள், ஓட ஆரம்பித்ததும் உடனே திறந்துவிடுங்கள்" என்று மட்டும் சொன்னார். எஞ்சினைக் குளிர்விக்க வரும் கடல்தண்ணீர் சைலன்சர் வழியாகத்தான் வெளியே போகும்; எஞ்சின் ஓடினால்தான் புகை அந்தத் தண்ணீரை வெளியே தள்ளும். ஓடாமல் வெறுமனே சுற்றினால் தண்ணீர் சைலன்சரில் நிறைந்து, பின்பக்கமாகவே சிலிண்டருக்குள் இறங்கிவிடும். நாங்கள் அன்று இருந்த நிலையில் அது நினைவுக்கே வந்திருக்காது. ஐயா, எஞ்சின் இன்றைக்கு உயிரோடு இருப்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே பக்கத்துப் படகு அக்காவுக்காகத்தான். பேர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், போடவில்லை.

எங்கள் படகு 1979இல் கட்டியது. எஞ்சினுக்கும் அதே வயது, இரண்டு சிலிண்டர் டீசல். இரண்டு வருடமாக அது நினைத்தால் நிற்கும். துறையில் கட்டியிருக்கும்போது ஒரு குறையும் இருக்காது, கடலில் போய் நாலைந்து மணி நேரம் ஆனதும் சத்தம் மாறும், ஏறி இறங்கும், நின்றுவிடும். ஃபில்டர்களை எத்தனை தடவை மாற்றினோம் என்று கணக்கே இல்லை. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுத்தோம், டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்பைப் புதிதாகப் போட்டோம். கடைசியாக வந்து பார்த்த இரண்டு பேருமே, வயதாகிவிட்டது, எஞ்சினையே மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, துறையில் வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாத நோய் அது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட அன்று என் கணவர் இரவு முழுக்க எதுவும் பேசவில்லை. படகை விற்றுவிடலாம் என்று இரண்டு பேருமே மனதுக்குள் முடிவு செய்துவிட்டோம், வாய்விட்டுத்தான் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் சாயங்காலம் அக்கா வந்தார்கள். அதுவரை பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான் பழக்கம். வந்தவர்கள் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து, "ஒவ்வொரு தடவையும் நின்னப்போ டேங்க்ல எவ்வளவு டீசல் இருந்துச்சு?" என்று கேட்டார்கள்.

இரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. நாங்களும் யோசிக்காதது. பயண நோட்டை எடுத்துப் புரட்டினேன். நின்ற ஏழு தடவையும் டேங்க் பாதிக்குக் கீழே. ஒவ்வொரு தடவையும் துறைக்கு வந்ததும் முதல் வேலையாக டேங்கை நிரப்பிவிட்டு, அதற்கப்புறம்தான் எஞ்சினைச் சோதித்திருக்கிறோம். நிரம்பிய டேங்கோடு அது எப்போதும் நன்றாகத்தானே ஓடும்!

"எஞ்சின் சாகலம்மா, பசியில கெடக்கு" என்றார்கள் அக்கா.

தன் படகுக்குப் போய் ஒரு கேனில் சுத்தமான டீசலும், கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் குழாயும் கொண்டுவந்தார்கள். லிஃப்ட் பம்புக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் டேங்கிலிருந்து பிரித்து நேராகக் கேனுக்குள் விட்டோம். ஸ்பேனரை வாங்க என் கணவர் கை நீட்டினார். அக்கா அவரைத் தாண்டி என்னிடம் நீட்டினார்கள். "நீ செய்ம்மா. அவர் சுக்கான்ல இருக்கும்போது கீழ இறங்கப் போறது நீதானே." இத்தனை வருடமாக நான் டார்ச் பிடித்திருக்கிறேன். வந்தவர்கள் எல்லோரும் அவருக்குத்தான் விளக்கினார்கள். என் கையில் ஸ்பேனர் வந்தது அன்றைக்குத்தான்.

ஃபில்டர் தலையில் உள்ள சின்ன ஸ்க்ரூவை அரைச்சுற்று தளர்த்தி, பம்பில் இருக்கும் கை லிவரை அழுத்தச் சொன்னார்கள். லிவர் தொளதொளவென்று ஆடியது, பம்ப் போய்விட்டது என்று பயந்தேன். "போகல. உள்ள பம்பை இயக்குற கேம் மேடு அதை ஏற்கெனவே தூக்கிப் பிடிச்சிருக்கு. எஞ்சினை ஒரு சுற்று கையால சுத்திட்டு மறுபடி அழுத்து" என்றார்கள். சுற்றினேன், லிவரில் பிடி வந்தது. ஸ்க்ரூ ஓரத்தில் முதலில் நுரை, பிறகு நுரையும் டீசலும், பிறகு சோப்புத் தண்ணீர் மாதிரிச் சின்னச் சின்னக் குமிழி, கடைசியில் ஒரு குமிழிகூட இல்லாத டீசல். அப்போதுதான் முடுக்கவிட்டார்கள். இன்ஜெக்டர் திறக்க நூறு பாருக்கு மேல், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேல், அழுத்தம் வேண்டும், காற்று இருந்தால் இன்ஜெக்டருக்கு டீசல் அனுப்பும் பம்ப் அழுத்த அழுத்த அது சுருங்கிக்கொடுக்குமே தவிர அழுத்தம் ஏறாது, அதனால்தான் ஒரு குமிழிக்கே எஞ்சின் படுத்துவிடுகிறது என்று அவர்கள் சொன்னபோது, நான் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த "ஏர் லாக்" என்ற சொல்லுக்கு முதல் தடவையாக அர்த்தம் புரிந்தது. மூன்று தடவை வேண்டுமென்றே காற்றை உள்ளே விட்டு, மூன்று தடவையும் என்னையே எடுக்கவைத்தார்கள். மூன்றாவது தடவை டார்ச்சை அணைத்துவிட்டார்கள்.

கேனிலிருந்து எஞ்சின் ஒரு மணி நேரம் ஓடியது. ஒரு திக்கல் இல்லை.

பிறகு டேங்கில் பாதிக்கு மேல் இருந்த டீசலை எடுத்துவிட்டு, டேங்குக்கும் முதல் ஃபில்டருக்கும் நடுவில் அந்தக் கண்ணாடிக் குழாயில் ஒரு முழம் வெட்டிப் பொருத்தினோம். நாங்கள் மூன்று பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு நிமிடம் இருக்கும். மிளகு அளவு ஒரு குமிழி மெதுவாக வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் வரிசையாக. என் கணவர் அழுதுவிட்டார். டேங்கின் மேல்மூடியைத் திறந்து உள்ளே இறங்கும் உறிஞ்சு குழாயை உருவினால், சரியாகப் பாதி உயரத்தில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை, அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. டீசல் அதற்கு மேலே இருக்கும்வரை ஓட்டையும் டீசலைத்தான் குடிக்கும். கீழே இறங்கினால் காற்றைக் குடிக்கும். இவ்வளவுதான். எஞ்சினில் ஒன்றுமே இல்லை.

இதெல்லாம் உதவி. நான் சொல்ல வந்தது இதற்கப்புறம் தெரிந்தது. நாலு நாள் கழித்து அக்கா குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். என்ன அக்கா, குழாயில் தண்ணீர் வரவில்லையா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று மழுப்பினார்கள். அவர்கள் படகுக்குள் போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, எங்களுக்குக் கொண்டுவந்த குழாய் அவர்களுடைய குடிநீர்க் குழாய். அந்த நேரத்துக்கு வேறெங்கும் கிடைக்காது, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்தால் நாளைவரை தாங்காது என்று தோன்றியதாம்.

அக்கா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். என் பெட்டியில் இப்போது இரண்டு மீட்டர் கண்ணாடிக் குழாய், கிளிப்புகள், செப்பு வாஷர்கள், ஒரு காலி கேன் எல்லாம் இருக்கின்றன. இந்தத் துறையில் யாருடைய எஞ்சின் நின்றாலும், எந்த நேரமானாலும் எங்கள் படகில் வந்து தட்டலாம். நான் வருவேன், முதலில் உட்கார்ந்து கேட்பேன், ஸ்பேனரை அவர்கள் கையிலேயே கொடுப்பேன்.

உங்கள் குடிநீருக்குப் புதுக் குழாய் வாங்கிவிட்டோம், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து மாட்டித் தருகிறேன். டீசல் பட்ட அந்தப் பழைய ஒரு முழத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள் அக்கா. அது எஞ்சின் அறைக் கதவின் உள்பக்கம் தொங்குகிறது, அங்கேயே இருக்கட்டும்.