பேரனின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு சொல்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் என் பேரனின் பிறப்பைப் பதியப் போனோம். இனம் என்ற இடத்தில் மகள் 'மலையகத் தமிழர்' என்று எழுதிக் கொடுத்தாள். இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த நாங்கள் எங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் அது. அலுவலர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை வெட்டி 'இந்தியத் தமிழர்' என்று எழுதிவிட்டார். பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். அவனுக்குப் பாட்டனான நானே இந்தியாவைப் பார்த்ததில்லை.

தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று முதன்முதலில் பிரித்துக் கணக்கெடுத்தது 1911 குடிசன மதிப்பீடு. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, 'இந்தியர்' என்று சொல்லியே எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1964இல் இந்திய, இலங்கை அரசுகள் இரண்டும் ஒப்பந்தம் செய்து 975,000 பேரைப் பங்கு போட்டன. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். என் சின்னத்தாத்தா குடும்பம் அப்படித்தான் கோத்தகிரிக்குப் போனது. அங்கே இன்றைக்கும் அவர்களை 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்கிறார்களாம். இங்கே இருந்தவரை இந்தியர், அங்கே போனதும் சிலோன்காரர்!

'இந்திய' என்ற சொல்லை விட்டுவிட்டால் குடிசனக் கணக்கில் நம் தொகை குறையும், இந்திய வீடமைப்பு உதவி போன்றவையும் நின்றுபோகும் என்று எங்கள் பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். நாடற்று வாழ்ந்தவர்களின் பயம் அது, லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தச் சொல் இருக்கும்போதே தொகை கரைகிறதே. நான் படிப்பித்த பிள்ளைகள் பலர் நகரத்தில் வேலைக்குப் போனதும் 'இலங்கைத் தமிழர்' என்று மாற்றி எழுதிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள்.

இந்த மண்ணில் கோப்பியும் தேயிலையும் நட்டு, இருநூறு வருஷமாக லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து லயத்தில் செத்த மக்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட பெயர் மலையகத் தமிழர். எந்த அரசும் கொடுத்ததல்ல. வம்சாவளியை நாங்கள் மறைக்கவில்லை. திருச்சியும் சேலமும் புதுக்கோட்டையும் எங்கள் குலதெய்வக் கும்பிடுகளில் இருக்கின்றன. அது வீட்டுக்குள் இருக்கட்டும். பெற்றோர் சொல்லும் இனத்தை அப்படியே பதியும்படி எல்லாப் பதிவாளர்களுக்கும் அரசு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

பேரனின் பத்திரத்தைத் திருத்தக் கேட்டு மகள் மனு கொடுத்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஹட்டன்.