கலாவுக்கு, மொட்டைக்குக் கிளம்பும் முன்

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணனும் நலம்தானே? இத்தனை நாள் எழுதாததற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். அடுத்த மாதம் குட்டிக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை என்று சுமதி சொன்னாள். டயப்பரை இப்போதுதான் விட்டிருக்கிறான் என்றும் சொன்னாள். அதைக் கேட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் பாப்பாவோடு திருநெல்வேலி போய்த் திரும்பிய சூடு இன்னும் ஆறவில்லை.

வீட்டில் விளையாட்டை விட்டுவிட்டு “அம்மா, உச்சா” என்று தானாக வந்து நிற்கிறவள், நெல்லை எக்ஸ்பிரஸில் கழிப்பறை வாசலிலேயே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இப்போதெல்லாம் பயோ டாய்லெட்தான், துளை வழியாகத் தண்டவாளம் தெரிவதில்லை. ஆனாலும் அந்த ஆட்டமும் இரைச்சலும் போதாதா? செங்கல்பட்டு போயிற்று, விழுப்புரம் போயிற்று, கால்களைப் பின்னிக்கொண்டு “வரலை, வரலை” என்றே சொன்னாள். தூங்கும் முன் டயப்பர் போட்டேன். பழகினது போய்விடுமே என்று இவர் கவலைப்பட்டார். போகவில்லை. இரவில் நனைக்காமல் இருப்பது உடம்பு வளர வளர வருவது. 5 வயதில்கூட நனைக்கும் பிள்ளைகள் நிறைய. “இது தூக்கத்துக்கு, எழுந்ததும் கழற்றிவிடலாம்” என்று சொல்லிப் போடு. அவர்களுக்குப் புரிகிறது.

ஊரில் உச்சா சரியாகிவிட்டது. ஆய்தான் பெரிய பாடு. வழியில் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை, இடமும் புதிது. அடக்கினாள், இறுகியது. வலிக்கும் என்று பயந்து மேலும் அடக்கினாள், மேலும் இறுகியது. அப்படிக் கட்டிக்கொண்டால் அது சிறுநீர்ப்பையையும் அழுத்தும். உச்சாவும் தன்னை மீறி வந்துவிடும். கூடத்தில் அப்படித்தான் ஆனது. சொந்தக்காரர் ஒருவர் “ச்சீ, இவ்வளவு பெரிய பிள்ளை” என்றார், அத்தனை பேர் முன்னால். பாப்பா அழவில்லை. நனைந்த ஜட்டியோடு கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கலா, எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் பக்கத்தில் யார் அப்படிச் சொன்னாலும், உன் மாமியாரே ஆனாலும், பதில் பேசிக்கொண்டிருக்காதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடு.

அடுத்து வந்ததைக் கேள். மறுநாள் காலை இட்லி சாப்பிட்ட கையோடு என் அத்தை அவளைக் கொல்லைப்புறம் கூட்டிப் போனார். தரையில் செய்தித்தாளை விரித்து, மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, இரண்டு பாதங்களுக்கும் நடுவே இடம் விட்டு, அந்தப் பாதங்களின் மேல் அவளைத் தன்னைப் பார்க்க உட்கார வைத்தார். கைகளைப் பிடித்துக்கொண்டு முருங்கை மரத்துக் காக்கையைப் பற்றி ஏதோ பேசினார். முக்கச் சொல்லவே இல்லை. கொஞ்ச நேரத்தில் காரியம் முடிந்தது. நம் பாட்டிமார் எல்லோரும் செய்ததுதானே! குந்தினாற்போல் உட்கார்ந்தால் மலம் இறங்குகிற வழி நேராகிறது. வெஸ்டர்னில் கால் தொங்கினால் குழந்தைக்கு முக்கவும் வராது, விழுந்துவிடுவோமோ என்ற பயம் வேறு. சாப்பாடு உள்ளே போனதும் குடல் அசையும். அதனால் சாப்பிட்டு 20, 30 நிமிடத்துக்குள் உட்கார வைப்பதுதான் நேரம். எல்லாவற்றையும்விட, தெரிந்த கை ஒன்று பிடித்திருக்கிறது. எந்த ஊரானாலும் அது கூடவே வருகிறதே!

நீங்கள் காரில்தானே போகிறீர்கள்? வீட்டில் அவன் உட்காரும் பிளாஸ்டிக் இருக்கையை டிக்கியில் போட்டுக்கொள்; நெடுஞ்சாலை ஓட்டல் கழிப்பறைகளை நம்பாதே. சீட்டில் ரப்பர் ஷீட், மேலே பழைய வேட்டித் துணி. மாற்று ஜட்டியை நிறைய எடுத்துக்கொள், அதைப் பெட்டியின் அடியில் வைக்காதே. அப்புறம், வழியில் போகக் கூடாது என்று தண்ணீரைக் குறைத்துவிடாதே. நிறைய பேர் செய்கிறார்கள், அதில்தான் மலம் கட்டுகிறது. கொய்யா, வாழைப்பழம் கொடு. வண்டி நிற்கும்போதெல்லாம், கேட்காவிட்டாலும், ஒரு முறை உட்கார வை. வராவிட்டால் சரி, எழுப்பிவிடு.

மொட்டைக்கு உட்காருவதற்குச் சற்று முன்னால் கட்டாயம் உச்சா போக வைத்துவிடு. கத்தியைப் பார்த்ததும் எல்லாப் பிள்ளைக்கும் வந்துவிடும். உன் தம்பி மடியில்தானே உட்கார வைப்பீர்கள்? அவன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வருவான், எனக்குத் தெரியும். முன்கூட்டியே சொல்லி வை.

அன்புடன்,
தேவி