குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு தாயின் மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களே,

என் மகளுக்கு 6 வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைத்தது. ஈற்றை விட்டு வெளியே வரும்போதே அதில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு திட்டு இருந்தது. சில மாதங்களில் அந்த இடம் நனைந்த சுண்ணாம்பைப் போல உதிரத் தொடங்கியது. பிரஷ் பட்டாலே அழுவாள். தண்ணீரைக்கூட ஒரு பக்கமாக ஒதுக்கித்தான் விழுங்குவாள்.

அவளை அழைத்துப்போன இடத்தில் எங்களை வரவேற்ற முதல் கேள்வி, "எவ்வளவு மிட்டாய் கொடுப்பீர்கள்?" என்பதுதான். அன்று அவள் என் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாகவே நினைத்தாள்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் பல்லைச் சுத்தம் செய்து, உலர்த்தாமல் ஈரமாகவே பார்த்தார். முன்பற்களையும் பார்த்தார், ஒன்றில் பால் நிறத்தில், ஓரம் தெளிவாகத் தெரியும் ஒரு திட்டு இருந்தது. இது பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் தாது குறைந்த நிலை என்றார். கடைவாய்ப்பல்லையும் முன்பல்லையும் சேர்த்துத் தாக்கும் இந்தக் குறைக்கு 2001இல்தான் தனிப்பெயர் வைத்தார்கள். உலகில் பத்துக் குழந்தைகளில் ஒருவருக்காவது இது இருக்கிறது. அந்தப் பல்லின் எனாமல் பிறந்ததிலிருந்து ஏறத்தாழ மூன்று வயதுக்குள் உருவாகிவிடுகிறது. மிட்டாய்க்கு அதில் என்ன பங்கு? சொத்தை பிறகு வந்து சேரலாம், பலவீனமான இடத்தில் வேகமாகவே சேரும். ஆனால் தொடக்கம் அதுவல்ல.

ஃபுளூரைடு மிகுதியால் வரும் வெண்மை ஓரம் மங்கி, இரு பக்கமும் ஒரே மாதிரிப் பரவியிருக்கும். பரம்பரைக் குறை என்றால் பெரும்பாலும் எல்லாப் பற்களிலும் தெரியும். இவற்றைப் பிரித்தறிய உங்களுக்கு ஐந்து நிமிடம் போதும் என்று நம்புகிறேன். பால்பற்களில் கடைசியாக உள்ள கடைவாய்ப்பல்லில் இத்தகைய திட்டைக் கண்டால், நிரந்தரப் பல்லிலும் வரக்கூடும் என்று அப்போதே பெற்றோரை எச்சரியுங்கள். பல்லின் எனாமல் பொடிந்து உதிரும் முன்பே வந்தால் ஃபுளூரைடு வார்னிஷும் மேற்பூச்சும் பெரிதும் உதவும். எனாமல் உதிரத் தொடங்கிய பின் வந்த எங்களுக்கு ஸ்டீல் உறைதான் கைகொடுத்தது. காப்பாற்ற முடியாத பல்லைச் சரியான வயதில், பெரும்பாலும் 8க்கும் 10க்கும் இடையில், எடுத்தால் பின்னால் உள்ள பல் முன்வந்து இடத்தை நிரப்பக்கூடும். இந்தக் கணக்கைத் தாமதமாகச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. இந்தப் பற்களில் மரத்துப்போகும் ஊசி எளிதில் பிடிப்பதில்லை. ஊசிக்குப் பின்னும் குழந்தை "வலிக்கிறது" என்று கையை உயர்த்தினால் தயவுசெய்து நிறுத்துங்கள். அவள் அடம்பிடிக்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தாய்