எளிதில் செரிப்பது எல்லோருக்கும் நல்லதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் பருமனையும் சர்க்கரை நோயையும் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாயைக் கட்டினால் சர்க்கரை தானாகக் கட்டுப்படும் என்று அதில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உணவின் அளவைப் பற்றியே பேசும் கட்டுரை, அந்த உணவு எவ்வளவு விரைவாக ரத்தத்தில் சர்க்கரையாகச் சேர்கிறது என்பதைத் தொடவே இல்லை.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. மிகையான பருமன் இருந்தும் சர்க்கரை நோய் இல்லாதவர்களையும் ஒல்லியானவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். குளுக்கோஸைக் குழாய் வழியே நேராகச் சிறுகுடலுக்குள் செலுத்தினார்கள். சாப்பிடும் வேகமோ இரைப்பையின் வேகமோ குறுக்கிட இடமில்லை. அப்படியும் பருமனானவர்களின் குடல்தான் குளுக்கோஸை விரைந்து உறிஞ்சியது. குளுக்கோஸை உள்ளே கடத்தும் எஸ்.ஜி.எல்.டி-1 என்ற புரதம் அவர்களின் குடலில் கூடுதலாக இருந்தது. பசியைத் தணிக்கும் ஜி.எல்.பி-1 ஹார்மோனோ குறைவாகச் சுரந்தது. இத்தகைய உடலோடு வாழ்பவரிடம் "உனக்கு நாக்கு அடங்கவில்லை" என்று சொல்வது அநியாயம்.

என் அக்காவுக்கு வெறும் வயிற்றில் மட்டுமே ரத்தப் பரிசோதனை செய்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவந்தார்கள். சாப்பிட்ட பின் எடுத்தபோதுதான் சர்க்கரை ஏறியிருப்பது தெரிந்தது. உறிஞ்சும் வேகம் காலை வெறும் வயிற்றில் எப்படித் தெரியும்? மிகையான பருமன் உள்ளவர்களுக்கு இரண்டு வேளைப் பரிசோதனையையும் வழக்கமாக்க வேண்டும்.

நம் வீடுகளில் "எளிதில் செரிக்கும்" என்பது உணவுக்குத் தரும் பெரிய நற்சான்று. காய்ச்சல்காரருக்கும் குழந்தைக்கும் அது பொருந்தும். மிகையான பருமன் உள்ளவருக்கு, குழைய வடித்த சோறும் பழச்சாறும் விரைவாகக் குடலுக்குப் போய், அங்கே விரைவாகவே உறிஞ்சப்படுகின்றன. அவருக்கு வேண்டியது மெல்லச் செரிப்பது.

அதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. நியூயார்க்கில் உள்ள வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர், உடல் பருமனோடு இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் உள்ள 11 பேருக்கு ஒரே உணவை இரு வரிசைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் முதலில். இன்னொரு நாள் காய்கறியும் கோழிக்கறியும் முதலில். காய்கறியும் கறியும் முந்திய நாளில், ஒரு மணி நேரத்திற்குப் பின் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பொரியலையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போவதில் யாருக்கு என்ன நட்டம்?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் சர்க்கரை நோயோடு இருப்பவர்களில் சிலருக்கு நரம்பு பாதிக்கப்பட்டு, இரைப்பை மிக மெதுவாகக் காலியாகும். அவர்கள் இன்சுலின் போட்டுக்கொண்டால், உணவு குடலுக்கு வந்து சேரும் முன்பே சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். ஆகவே ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவு முறையை மாற்ற வேண்டும். இதையெல்லாம் ஒரு குடலியல் மருத்துவரைக் கொண்டு விரிவாக எழுதச் செய்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி