வசந்திக்கு: ஆபீஸ் இடம் பற்றி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் மாம்பலத்து மாடிப்படி தொல்லை விட்டது. அந்த ஆபீஸைக் காலி செய்துவிட்டு நானும் என்னிடம் வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் கிண்டியில் ஒரு கோ-ஒர்க்கிங் இடத்துக்கு, அதாவது பல கம்பெனிகள் ஒரே மாடியில் மேஜையோ கேபினோ வாடகைக்கு எடுத்து வேலை பார்க்கும் இடத்துக்கு, வந்துவிட்டோம். லிஃப்ட் உண்டு, மெட்ரோவும் பக்கம்.

நீயும் உன் தம்பி மகனும் தொடங்கும் வெப்சைட் கம்பெனிக்கு இந்த மாதிரி இடம் சரிப்படுமா என்று கேட்டிருந்தாய். சரிப்படும், ஆனால் அவர்கள் விளம்பரத்தில் சொல்கிற காரணத்துக்காக இல்லை. 'கம்யூனிட்டி', 'நெட்வொர்க்கிங்' என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்து மேஜைக்காரர் என்ன தொழில் செய்கிறார் என்பதுகூட எனக்குத் தெரியாது. ஹெட்போனோடு வருவார், ஹெட்போனோடு போவார். உண்மையான லாபம் கைமுதல் மிஞ்சுவதுதான். சென்னையில் கடைக்கோ ஆபீசுக்கோ இடம் கேட்டால் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள் என்பது உனக்கே தெரியும். அதற்குமேல் ஏசி, இன்வர்ட்டர், நாற்காலி, மேஜை. இங்கே நான் கொடுத்தது சில மாத டெபாசிட் மட்டும். ஏசி மெக்கானிக்கோடு மல்லுக்கட்டுவது அவர்கள் பாடு. கூரியர் வந்தால் வாங்கி வைக்க ரிசப்ஷனில் ஆள் இருக்கிறது.

புதுசு புதுசு என்கிறார்களே தவிர, தம்புச்செட்டித் தெருவிலும் அரண்மனைக்காரன் தெருவிலும் வக்கீல்கள் இதைத்தானே காலங்காலமாகச் செய்கிறார்கள்? ஒரே அறை, ஒரே குமாஸ்தா, வாசலில் வரிசையாக நாலு பெயர்ப்பலகை.

கையெழுத்துப் போடுமுன் ஒன்றைக் கட்டாயம் விசாரி. இடத்தை நடத்துகிறவர் பெரும்பாலும் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. அவரும் வாடகைக்கு எடுத்தவர்தான். அவருடைய ஒப்பந்தம் எந்த வருஷம் முடிகிறது, உள்ளே மற்றவர்களை வைக்க அதில் அனுமதி இருக்கிறதா? இதே தொழில் செய்த வீவொர்க் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கதையைப் பேப்பரில் படித்திருப்பாய். கட்டடங்களை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து, நம் மாதிரி ஆட்களுக்கு மாதக் கணக்கில் விட்டார்கள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் சொந்தக்காரருக்கு வாடகை கட்டியாக வேண்டுமே, அங்கேதான் இடித்தது. 2019இல் பங்கு வெளியிடப் பார்த்துக் கைவிட்டார்கள். 2023 நவம்பரில் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தார்கள். (இங்கே அந்தப் பெயரில் நடப்பது தனி கம்பெனி, அது அந்த மனுவில் சேரவில்லை.) நமக்குத் தருவதும் பொதுவாகக் குத்தகை அல்ல, லைசென்ஸ்தான். உட்கார அனுமதி, அவ்வளவே. அதனால் லாக்-இன் (நடுவில் விட்டுப் போக முடியாத காலம்) எத்தனை மாதம், நோட்டீஸ் எத்தனை நாள், இரண்டு தரப்புக்கும் ஒரே நிபந்தனையா என்று வரி விடாமல் படி.

அடுத்தது என் தொழிலான வரிக் கணக்குச் சமாசாரம். வாடிக்கையாளர்கள் ஜிஎஸ்டி பில் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இப்படிப்பட்ட முகவரியில் பதிவு வாங்கலாம். ஒப்பந்தம், என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), கட்டடத்தின் கரண்ட் பில் அல்லது சொத்து வரி ரசீது வேண்டும். நடத்துகிறவர் சொந்தக்காரரோடு போட்ட ஒப்பந்தத்தின் நகலையும் வாங்கி வைத்துக்கொள். வாசல் பலகையில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும் என்பது விதி. இத்தனை கம்பெனிகள் இருக்கிற மாடியில் உன் பலகையை எங்கே மாட்டுவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடு, அதிகாரி நேரில் பார்க்க வரலாம். கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பில் உன் எண்ணில் இருந்தால் இன்புட் கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீ கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாதவருக்கு அது சுத்தச் செலவு.

எனக்கு இங்கே ஒரு குறை உண்டு. கிளையன்ட் போனில் தன் கடனையும் நஷ்டத்தையும் சொல்லும்போது நாலு பேர் நடுவில் எப்படிப் பேசுவது? அதனால்தான் காசு கூடினாலும் பரவாயில்லை என்று கதவு வைத்த கேபின் எடுத்தேன். மீட்டிங் ரூம் மாதத்துக்குக் கொஞ்ச மணி நேரம்தான் இலவசம், அப்புறம் மீட்டர் ஓடும். பேன்ட்ரி மைக்ரோவேவ் மேல் மீன், கருவாடு சூடாக்கக் கூடாது என்று நோட்டீஸ். என்னிடம் இருக்கும் தூத்துக்குடிப் பெண்ணுக்கு அதில் இன்னும் கோபம் தீரவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, உனக்கு இப்போதே சென்னையில் ஆபீஸ் வேண்டாம் என்றுதான் சொல்வேன். திருச்சி வீட்டு முகவரியிலேயே பதிவு வாங்கு. சொந்த வீடு, ரசீதெல்லாம் கையில் இருக்கிறது. தம்பி மகன் பேரவள்ளூரில்தானே இருக்கிறான்? பக்கத்தில் கொளத்தூரில் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) கட்டிய முதல்வர் படைப்பகம் இருக்கிறது, 2024 நவம்பரில் திறந்தது. பிள்ளைகள் படிக்க ஒரு பகுதி, வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பகுதி. திறந்தபோது வேலை பார்க்க அரை நாளுக்கு 50 ரூபாய் வைத்திருந்தார்கள். அவனுக்கு லேப்டாப் வேலைதானே, அங்கே உட்காரட்டும். மூன்றாவது ஆளைச் சேர்க்கிற நிலை வரும்போது கேபினைப் பற்றி யோசிக்கலாம்.

எதற்கும் ஒரு முறை வந்து நேரில் பார். மாதம் 20ஆம் தேதி வரை ரிட்டர்ன் வேலையில் நான் தலை நிமிர முடியாது. அதற்கப்புறம் எந்த நாள் என்றாலும் சரி, போன் செய்துவிட்டு வாடி.

அன்புடன்,
மல்லிகா