எங்கள் கோப்ராவின் இன்ஜினை எழுப்பிய கைகளுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு காலை, இங்கிலாந்தின் சொலிஹல்லில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து, இன்ஜினைப் பிரித்துச் செப்பனிட்ட எங்கள் கோப்ரா கார் தன் சொந்த பலத்திலேயே கிளம்பிப் போனது. எட்டு சிலிண்டரும் சீராக எரிகின்றன. இன்ஜின் நன்றாகச் சூடேறி ஐடிலில் நிற்கும்போதும் ஆயில் விளக்கு மினுக்கவில்லை. புகை இல்லை, கசிவு இல்லை. இந்த நிலைக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் பலர். ஆங்கிலம் பேசும் நண்பர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் அவர்கள் செய்ததையும் நம்மவர்கள் செய்ததையும் சேர்த்து, எல்லோரும் படிக்கும்படி எழுதிவைக்க ஆசைப்படுகிறேன்.

காரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1962இல் டேம்ஸ் டிட்டனில் இருந்த ஏ.சி. நிறுவனத்தின் காரில், அமெரிக்காவின் கரோல் ஷெல்பி ஃபோர்டு வி8 இன்ஜினைப் பொருத்தியதால் பிறந்தது ஏ.சி. கோப்ரா. அசல் கார்கள் மிகக் குறைவு. விலையோ நம்மைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்க முடியாதது. அதனால் பிரிட்டனில் அதன் வடிவத்தில் ஃபைபர்கிளாஸ் உடல் வார்த்து, ஜாகுவார் எக்ஸ்.ஜே.6 காரின் சஸ்பென்ஷனையும் டிஃபரன்ஷியலையும் போட்டு, ரோவர் வி8 இன்ஜினோடு பலர் கட்டிக்கொண்டார்கள். எங்களுடையதும் அந்த வகைதான். நகல்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கராஜில் நாலு பேர் கூடிக் கட்டி, மழையோ வெயிலோ பாராமல் ஓட்டும் கார் இது. கண்ணாடிக்குப் பின்னால் பூட்டிவைக்கும் பொருள் அல்ல.

இதில் இருந்தது ரோவர் எஸ்.டி.1 காரிலிருந்து எடுத்த 3,528 சி.சி. இன்ஜின். நீலப் புகை தள்ளியது. சூடானால் ஆயில் விளக்கு எரிந்தது. பார்த்தவர்களில் பலர், "வேறு இன்ஜின் வாங்கிப் போடுங்கள், இதில் காசைக் கொட்டாதீர்கள்" என்றார்கள்.

அப்படிச் சொல்லாத ஒருவருக்குத்தான் என் முதல் நன்றி. பின்தெருவில் இருக்கும் அந்தப் பெரியவர், பணிக்காலம் முழுக்க ரேஞ்ச் ரோவர்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். "எதையும் வாங்காதே, முதலில் சம்ப்பைக் கழற்று" என்றார். சம்ப் என்பது இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தட்டு. கழற்றினோம். ஆயில் பம்ப்புக்குப் போகும் வடிகட்டியின் பாதியைப் பழைய சிலிகான் பசை அடைத்திருந்தது. எப்போதோ யாரோ அள்ளிப் பூசியது பிய்ந்து போய் அங்கே ஒட்டியிருக்கிறது. வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம்ஷாஃப்ட் தண்டை உருவியபோது அதன் மூக்குகள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. இந்த இன்ஜினில் அது வழக்கமான நோய்தானாம். புதுக் கேமில் பழைய லிஃப்டரை (கேம் மூக்கு மேலே தள்ளும் சிறு உருளையை) போடவே கூடாது, இரண்டும் ஒன்றாகப் பழக வேண்டும் என்று அவர் சொன்னது மனதில் நின்றுவிட்டது.

ஹெட் போல்ட் பற்றி, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியைப் பிளாக்கோடு இறுக்கும் போல்ட்டுகள் பற்றி, அவர் சொல்லித்தந்ததைத் தனியாக எழுத வேண்டும், இதே இன்ஜினை வைத்திருக்கும் யாருக்காவது உதவும். இந்தக் காலத்து இன்ஜினில் ஹெட்டுக்கு 14 போல்ட். அதில் வெளிவரிசையில் உள்ள நான்கையும் மற்றவற்றைப் போலவே இறுக்கினால், ஹெட் வெளிப்பக்கமாகச் சாயப் பார்க்கும். உட்பக்கத்தில் கேஸ்கெட்டின் பிடி தளரும். பின்னாளில், 1990களில், ரோவரே அந்த நான்கையும் விட்டுவிட்டுப் பத்து போல்ட்டுக்கு மாறியது. பெரியவர் டார்க் ரெஞ்சை என் கையில் கொடுத்து, பத்தை முழு இறுக்கத்துக்கும் அந்த நான்கை மெல்லிசாகவும் இறுக்க வைத்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு 'கிளிக்'கும் கேட்டபின்தான் தலையாட்டினார்.

அடுத்த நன்றி லேத் பட்டறைக்காரருக்கு. அலுமினிய பிளாக், உள்ளே இரும்பு லைனர். பிஸ்டன்களைக் கையில் தந்தால்தான் 'போர்' வேலையை, அதாவது சிலிண்டர் துளையைக் குடைந்து பெரிதாக்குவதை, செய்வேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். வந்ததும் ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கென்று ஒரு சிலிண்டரை ஒதுக்கி, 88.9 மி.மீ. இருந்த போரை 20 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாக்கினார். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டை 10 தவ் கிரைண்ட் செய்தார். ஹெட்டைக் கொஞ்சம் சீவி மட்டமாக்கியதால் புஷ்ராடு என்ற கம்பி லிஃப்டரை அதிகமாக அழுத்தும், வால்வை அழுத்தும் ராக்கரின் தாங்கிக்குக் கீழே ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யுங்கள் என்று காகிதத்தில் படம் வரைந்து கொடுத்தார். நாங்கள் கேட்காமலேயே பிளாக்கில் மரை போன ஓட்டைகளைக் கண்டுபிடித்து, எஃகுச் சுருள் மரை போட்டுத் தந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

இந்த இன்ஜினின் கதையே இப்படிப் பிறர் கைகொடுத்து வளர்ந்ததுதான். அமெரிக்காவில் பியூக் நிறுவனம் செய்து கைவிட்ட அலுமினிய வி8 இது. 1960களின் நடுவில் ரோவர் அதன் உரிமையை வாங்கியபோது, பியூக்கில் இதில் உழைத்து ஓய்வு பெறும் வயதை எட்டியிருந்த ஜோ டர்லே என்ற பொறியாளர் கடல் தாண்டி இங்கே வந்து ரோவர்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1967இல் ரோவர் காரில் ஏறிய இன்ஜின், 1970இல் ரேஞ்ச் ரோவருக்கும் போய், அடுத்த நூற்றாண்டு வரை ஓடியது. பெரியவர் இதை எனக்குச் சொன்னபோது, டர்லே தனக்கே பாடம் எடுத்த வாத்தியார் என்பது போன்ற மரியாதை அவர் குரலில் இருந்தது.

இன்ஜினைக் காரில் ஏற்றிய பெருமை லெஸ்டரில் கராஜ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணாவுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கராஜையும் இன்ஜின் கிரேனையும் எங்களுக்கே விட்டுவிட்டார். வலது பக்க ஸ்டியரிங் ஆனதால் ஸ்டியரிங் தண்டு வலது பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை உரசிக்கொண்டு போகிறது. கீழே ஜாகுவார் ஸ்டியரிங் ரேக் சம்ப்பை ஒட்டி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே இன்ஜினை உட்கார்த்த வேண்டும். நான் இறக்கிவிடலாம் என்றபோதெல்லாம், "தம்பி, அவசரப்படாதை. முதல்லை கியர்பாக்ஸ் தண்டு நேரா போகுதோ பாப்பம்" என்று நிறுத்தினார். கடைசியில் ஒரு மவுண்டை அறுத்து, இடம் மாற்றி வெல்டு வைத்தார். அதற்குப் பிறகு பெல்ஹவுசிங் (கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் மூடி) ஒரே தள்ளலில் போய் ஒட்டிக்கொண்டது. அண்ணா, அந்த வெல்டை வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறேன். அக்கா அனுப்பிய இடியப்பத்துக்கும் சொதிக்கும் தனியாக ஒரு வணக்கம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் பம்ப்பில் வாசலின் அடைத்தோம். காலியாக இருந்தால் இந்தப் பம்ப் ஆயிலை இழுக்காது. டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்து, டிரில் மெஷினால் பம்ப்பைச் சுற்றியது என் மகள். அழுத்த முள் எழும்வரை விடவில்லை. 1-8-4-3-6-5-7-2 என்று சிலிண்டர்கள் எரியும் வரிசையைக் கராஜ் சுவரில் சாக்பீஸால் எழுதி, பிளக் ஒயர்களை மாட்டியதும் அவள்தான். கேம் பழகுவதற்குத் துத்தநாகம் சேர்ந்த ஆயில் வேண்டும் என்று நான் பேச்சுவாக்கில் சொன்னதைக் கேட்டு, வாசலில் கேன்களை வைத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போன நண்பருக்கும் நன்றி. யாரென்று எனக்குத் தெரியும்.

புதுக் கேமை முதல் தடவை சுமார் 20 நிமிடம், 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேலேயே ஓட்ட வேண்டும். நடுவில் ஐடிலுக்கு இறக்கக்கூடாது. பக்கவாட்டுப் புகைக்குழாய் வைத்த வி8 அப்படிக் கத்தும்போது தெருவே அதிரும். இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்கும் பக்கத்து வீட்டு நர்ஸ், தான் எழுந்திருக்கும் நேரத்தை எழுதி எங்கள் கதவில் செருகிவிட்டுப் போனார். அந்த நேரத்தில் ஓட்டினோம். தேநீர்க் கோப்பையோடு வேலியோரம் வந்து நின்று முடியும்வரை கேட்டார். தெருவில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

சாப்பாட்டு மேசை முழுக்கப் பிஸ்டனும் ரிங்கும் பரப்பிக் கிடந்த மாதங்களில் தரையில் பாய் விரித்துச் சாப்பாடு போட்ட என் மனைவிக்கு இங்கே எழுதுவது போதாது, வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிளாக் மாறாததால் இன்ஜின் எண்ணும் அதேதான், பதிவு வேலை எதுவும் வரவில்லை. முதல் 500 மைலுக்கு மெதுவாக ஓட்டி, ஆயில் மாற்றி, போல்ட்டுகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அது முடிந்ததும் எல்லோரையும் வரிசையாக ஏற்றிக்கொண்டு போகிறேன். முதல் இருக்கை பின்தெருப் பெரியவருக்கு. அடுத்த சவாரி லெஸ்டருக்கு, கிளட்ச் மையம் பார்க்க அண்ணா தந்த கருவியைத் திருப்பிக் கொடுக்க. மற்றவர்கள் எந்தச் சனிக்கிழமை தோது என்று சொல்லுங்கள். கூரை கிடையாது, ஒரு கம்பளிக் குல்லா எடுத்து வாருங்கள்.